மர்மக் காய்ச்சல் என்று நீ வைத்த பெயர்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்தத் தடவை மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நாள் தவறாமல் கோட்டும் டையுமாக எங்கள் கூடத்துக்கே வந்து செய்தி வாசித்துவிட்டுப் போகிறாய். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது என்று உன் அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி. நலமில்லாதது இந்த ஊர்தான். வாய்க்கால் தெரு இசக்கியம்மாள் இறந்துபோனாள். உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவானே சுடலை, அவன் மனைவி. மதினி, மதினி என்று பின்னாலேயே போய் அவள் அவித்த பனங்கிழங்கை வாங்கித் தின்பாய். உன் சேனலில் அவள் சாவு திரையின் அடியில் ஓடியது. ‘மர்மக் காய்ச்சலுக்கு மேலும் ஒரு பெண் பலி’ என்று போட்டிருந்தீர்கள். பெயர் போடவில்லை. ‘மேலும்’ என்று எதற்குப் போட்டீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு முன்னால் இங்கே ஒருவரும் சாகவில்லை.

போனில் பேசினால் நமக்குள் பேச்சு வாதமாகிவிடுகிறது. நீ கேள்வி கேட்டே பழகியவன். நான் பதிலை முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை, எழுத நேரம் இருக்கிறது. கூட்டம் இல்லை என்று ஒரு அரசு டாக்டர் சொன்னால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டும். நானோ பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். மழை விட்டு, பார்க்கிற இடமெல்லாம் புல் முளைத்துக் கிடக்கிற இந்த நாட்களில் காய்ச்சல்காரர்களின் வரிசை வராண்டாவைத் தாண்டி வாசல்வரை நிற்க வேண்டும். ஒருவரும் வருவதில்லை. வாய்க்கால் தெருவில் எந்தெந்த வீட்டில் ஆள் படுத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மருந்து என் அலமாரியில் இருக்கிறது. நாங்கள் போய்க் கதவைத் தட்டினால் சாத்திக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தை உனக்கும் அனுப்பி, போடுவதாகச் சொல்லியிருக்கிற ஒரு மாதப் பத்திரிகைக்கும் கொடுத்துவிடப் போகிறேன். உனக்குப் படிக்க நேரமில்லாமல் போனாலும் உன் தொழில் செய்கிற வேறு யாராவது படிக்கட்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். இசக்கி என்னிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. நாலைந்து நாளாகக் காய்ச்சல், மண்டையிடி, கண் சிவந்து கிடந்தது. ஆட்டுக்குப் புல் அறுக்க மலையடிவாரப் புதருக்குப் போகிறவள். லீவு நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. உண்ணிக் காய்ச்சல். உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக்குஞ்சு இருக்கிறது, உண்ணி இனம். கடித்தால் வலிக்காது. சில நாள் கழித்து, கடித்த இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு நிற்கும். காய்ச்சலோடு அந்தப் பொருக்கும் இருந்தால் நோய் பிடிபட்டது என்று அர்த்தம். ஸ்கேன் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை ஒன்று போதும். நேரத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார்கள். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். மனுஷரிடமிருந்து மனுஷருக்கு ஒட்டவே ஒட்டாது.

அந்தப் பூச்சிக்கு ஒரு குணம் உண்டு. உடுப்பு இறுகியிருக்கிற இடமாகப் பார்த்துப் போய் நிற்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு அது பாவாடை நாடா கட்டுகிற இடம். வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டி அங்கே தோல் ஏற்கெனவே கருத்துத் தடித்துப் போயிருக்கும், அடிக்கடி புண்ணும் வரும். அதனால் உண்ணிப் பொருக்கு வந்தாலும் ‘நாடாப் புண்’ என்று மஞ்சளைக் குழைத்துத் தடவி, நாடாவை ஒரு விரல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். டாக்டரிடம் காய்ச்சலைச் சொல்வார்கள், நாடாப் புண்ணைச் சொல்ல மாட்டார்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது? நான் கேட்டாலும் காட்ட மாட்டார்கள், ஆண்பிள்ளை டாக்டர். ‘மண்டையிடிக்குதுன்னு வந்தா இடுப்பக் காட்டச் சொல்லுதாரு, நல்ல டாக்டருதான்’ என்று ஒருத்தி வராண்டாவில் எல்லோருக்கும் கேட்கவே சொல்லியிருக்கிறாள். எத்தனையோ பேருடைய பொருக்கு என் கண்ணில் படாமலே போயிருக்கும். இப்போது அந்த வேலையை ஸ்டெல்லா நர்ஸ் பார்க்கிறாள். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அலையோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல்.

“ஏட்டி, பாவாடையக் கொஞ்சம் இறக்கு, பாத்துக்கிடுதேன்” என்றாள் அன்றைக்கும்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர், நாடா அறுத்த புண்ணு. அதுக்கா காய்ச்சல் வந்துச்சு?”

“நாடா அறுத்துச்சா உண்ணி கடிச்சுச்சான்னு நான் பாத்துச் சொல்லுதேன். டாக்டரு அந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்காரு. சும்மா இறக்குட்டி.”

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து, “இருக்கு சார்” என்று குரல் வந்தது. அவ்வளவுதான் வைத்தியம். இரத்தம் எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம், அதன் முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கினோம். முதல் மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கினாள். மீதியைச் சுடலை கையில் கொடுத்து, ஒரு வேளை தவறக் கூடாது, நாளை மறுநாள் கூட்டி வா என்றேன். “சரிங்க டாக்டரய்யா” என்று வாங்கி மடியில் முடிந்துகொண்டான். இசக்கி போகிற போக்கில் ஸ்டெல்லாவைப் பார்த்து, நாடாப் புண்ணுக்கு மாத்திரை தின்னும் முதல் ஆள் நான்தான் என்று சிரித்தாள். அவள் பிழைத்திருக்க வேண்டியவள். இதை நான் எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன்.

அன்று மாலையில்தான் டிவியில் நீ வந்தாய். அன்றைக்கு நம் ஊரைப் பற்றி நம் பிள்ளை பேசப் போகிறான் என்று உன் அம்மா காலையிலேயே தெருத் தெருவாகச் சொல்லிவிட்டாள். கூடத்தில் பாய் விரித்து, ஒரு தட்டு முறுக்கும் வைத்திருந்தாள். வாய்க்கால் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சுடலை உள்ளே உட்காரக் கூச்சப்பட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றான். உடுக்கை அடிப்பது போல ஒரு சத்தத்தோடு சிவப்பு எழுத்து வந்தது. ‘மர்மக் காய்ச்சல்! மரண பீதியில் நெல்லை கிராமம்! கைவிரித்த மருத்துவர்கள்!’ என் ஆஸ்பத்திரிப் பலகையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் சுழன்றது. உங்கள் மாவட்ட நிருபர் முகத்தை மூடிக்கொண்டு வாய்க்கால் தெருவில் நின்று, இந்த நோய்க்கு மருந்தே கிடையாது என்று மக்கள் அஞ்சுவதாகச் சொன்னார். அதை நீ திருப்பிச் சொல்லும்போது ‘என்று மக்கள் அஞ்சுவதாக’ என்பது விழுந்துவிட்டது. மருந்தே கிடையாது என்பது மட்டும் நின்றது. கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. உன் அம்மா மட்டும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது சுடலை என்னிடம் வந்தான். “டாக்டரய்யா, மருந்தே இல்லங்கானே தம்பி. அப்ப நீங்க காலையில குடுத்தது என்னது?” என்று கேட்டான். உட்காரவைத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில், “தம்பி பொய்யா சொல்லப் போறான்?” என்றான். மறுநாள் அவன் வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே காற்றே சரியில்லை என்று இசக்கியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கங்கைகொண்டானில் கம்பெனி வேலையில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இடம் மாறினால் காய்ச்சல் இறங்கும் என்று சில நாள் அங்கே படுக்கவைத்திருந்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அங்கே உள்ளவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கைக்கு வரும்போது நுரையீரல் போய்விட்டது. எந்த ஊர், என்ன வேலை, புண் ஏதும் இருந்ததா என்று பதறி நின்ற சுடலைக்கும் அவள் தம்பிக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. நாடாப் புண்ணைப் பற்றி டாக்டரிடம் போய் எந்தப் புருஷன், எந்தத் தம்பிதான் சொல்வான்?

அந்த வாரம் நான் டீக்கடைக்குப் போனபோது பேச்சு நின்றது. கடைக்கார அண்ணாச்சி மட்டும் மரியாதையை விடாமல், “ஒண்ணும் நெனச்சுக்கிடாதீய சார். நீங்க கவர்மெண்டு ஆளு. உள்ளத வெளிய சொல்ல முடியாது. அதான் உங்க பிள்ள உங்களுக்காகச் சொல்லுதாம்னு நாங்க பேசிக்கிடுதோம்” என்றார். ஊருடைய கணக்கு இதுதான், கவனி. வேறு எவனோ சொல்லியிருந்தால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். டாக்டர் மகனே சொல்கிறான், அப்பனுக்கு வேலை போய்விடும் என்று மகன் வாயால் வருகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கை பிடித்துப் பார்த்துச் சம்பாதித்த நம்பிக்கையை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, எனக்கு எதிராகவே செலவழித்துவிட்டாய். அதற்குப் பிறகு வாய்க்கால் தெரு நிறுத்தத்தில் மினிபஸ் நிற்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று மற்ற பெற்றோர்கள் சண்டைக்குப் போனார்கள். ஒட்டாத நோய்க்கு ஒரு தெருவையே ஒதுக்கி வைத்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரளவைத்தது நீ.

இசக்கி போன அன்றைக்கு உன்னிடம் கத்தினேன். நீ அமைதியாக ஒரு கேள்வி கேட்டாய். “என்ன காய்ச்சல்னு எங்க ரிப்போர்ட்டர் உங்க வாசல்ல வந்து நின்னு கேட்டப்ப நீங்களே சொல்லலியேப்பா. நான் வேற என்ன போடுறது?” போனை வைத்துவிட்டேன். நீ கேட்டது சரி. அந்த நிருபரிடம், மேலதிகாரிகளைக் கேளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். காய்ச்சலின் பெயரைச் சொல்லாதே, பரிசோதனை உறுதி செய்யும்வரை பதிவேட்டிலும் வெறும் காய்ச்சல் என்றே எழுது, பீதி கிளப்பாதே என்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. வாய்மொழி என்பதைக் கவனி, நாளைக்கு யாரும் நான் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உறுதி செய்ய என் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் கிடையாது. அந்த இடம் காலியாகிக் காலியாகவே பழகிவிட்டது. இரத்தம் பஸ் ஏறித் திருநெல்வேலி போய், முடிவு திரும்பி வருவதற்குள் நோயாளி வயலுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் சுடுகாட்டுக்குப் போயிருப்பார். பெயர் தெரிந்த நோய்க்கு மனுஷன் மருந்து தேடுவான், பெயர் இல்லாத நோயைக் கண்டால் ஓடத்தான் செய்வான். பீதி வேண்டாம் என்று நாங்கள் பெயரை மறைத்தோம். மறைத்த இடத்தில் நீ மர்மம் என்று எழுதிக்கொண்டாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளைக் கங்கைகொண்டானுக்குத் துரத்தினோம் என்று இப்போது தோன்றுகிறது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அதனால்தான்.

நீ இன்னொன்றும் சொன்னாய். நாங்கள் போட்டதால்தானே அதிகாரிகள் ஓடி வந்தார்கள், முகாம் போட்டார்கள் என்றாய். வந்தார்கள், ஐயா, வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? கொசுவுக்குப் புகை அடித்தார்கள். ஆடு மாடெல்லாம் இருமியது. உண்ணி புல்லுக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் பெண்களின் இடுப்பைப் பார்க்க வேண்டிய ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அண்டாவில் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி, டம்ளர் டம்ளராக ஊற்றச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். உங்கள் நிருபரும் அதைத்தான் எடுத்தார், ‘போர்க்கால நடவடிக்கை’ என்று போட்டீர்கள். கொசுவுக்கு இருக்கிற செல்வாக்கு உண்ணிக்குக் கிடையாது. கொசுவுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது. உண்ணி பாவம், அநாதை. அதற்குத் திட்டம் இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் நோயே இல்லை என்று மேலே நம்புகிறார்கள். எனக்கு வேண்டியதைக் கேட்டால் சிரிப்பாய். ஒரு டெக்னீஷியன். காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொரு பெண்ணையும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்க்க ஒரு நர்ஸ், அவள் கையில் விவரம் ஏற்றச் சொல்லி எந்தச் செல்போனையும் கொடுக்காமல் இருக்க வேண்டும். அந்தக் கருப்புப் பொருக்கின் படம் ஒன்று, ரேஷன் கடைச் சுவர் தோறும். நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அனுமதி. இவற்றுக்கு ஒரு புகை மெஷின் செலவுகூட ஆகாது. அதனால்தானோ என்னவோ எவரும் திறப்பு விழாவுக்கு வருவதில்லை.

உன் சேனலை நான் பார்க்காதவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவ நிகழ்ச்சி வருகிறதே, அதில் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் முழங்கால் மாற்றுவதைப் பற்றி அழகாகப் பேசுகிறார், கீழே அவர் ஆஸ்பத்திரி நம்பர் ஓடுகிறது. அவர் போனதும் ஒருவர் வந்து இந்த இலையைக் கசக்கிக் குடித்தால் சர்க்கரையே இருக்காது என்கிறார். அதைக் கேட்டு ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கால் விரல் கருத்துப் போய் என்னிடம் வந்தார். விரல் போய்விட்டது. அவர் உன் நிகழ்ச்சியை இன்னமும் பார்க்கிறார். இரண்டு பக்கமும் பேச விடுவதுதான் எங்கள் தர்மம் என்று நீ சொல்வாய். இன்சுலினுக்கும் இலைக்கும் நடுவில் என்னடா இரண்டு பக்கம்? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உங்கள் தொழிலில் ஊர் தானாக இரண்டுபடும்வரை காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை. உண்ணிக் காய்ச்சலைப் பற்றி ஒரு அரைமணி நேரம் போட மாட்டீர்கள். அந்த மாத்திரையில் எவனுக்கும் லாபம் இல்லை, அதற்கு விளம்பரம் தர ஆள் இல்லை. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிவதால்தான் வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்தால் தலை முழுகிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சுடலை ஏன் ஓடினான் என்று நீ ஏளனமாக நினைக்காதே. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் காய்ச்சலில் உனக்கு வெட்டு வந்தது. கண் மேலே சொருகி, கை கால் இழுத்து, உதடு நீலம் பாய்ந்தது. அது என்ன, என்ன செய்ய வேண்டும், சில நிமிஷத்தில் தானாக நின்றுவிடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயிரம் தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எம்.பி.பி.எஸ். படித்த நான் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, “டாக்டரக் கூப்பிடுங்க, டாக்டரக் கூப்பிடுங்க” என்று கத்திக்கொண்டு ஓடினேன். எதிரே வந்த ஒருவர், “நீங்கதானே சார் டாக்டரு?” என்று கேட்ட பிறகுதான் நின்றேன். இதைச் சொல்லி உன் அம்மா இன்றைக்கும் சிரிப்பாள். பயம் வந்தால் படிப்பு நிற்காது, மகனே. சொந்தப் பிள்ளை, சொந்தப் பெண்டாட்டி என்று வரும்போது ஒருவனைத் தடுத்து நிறுத்த அவன் நம்புகிற ஒரு குரல் வேண்டும். அன்றைக்கு எனக்கு எதிரே வந்தவரின் குரல் இருந்தது. சுடலைக்கு உன் குரல்தான் இருந்தது, அது ஓடு என்று சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ‘மர்மக் காய்ச்சலின் பின்னணி என்ன?’ என்று சிறப்பு விவாதம் வைத்திருக்கிறாயாமே. அம்மா சொன்னாள். நாலு பேரைக் கூப்பிட்டிருப்பாய். ஒருவர் அரசைத் திட்டுவார், ஒருவர் அரசைக் காப்பாற்றுவார், ஒருவர் மூலிகை சொல்வார், ஒருவர் வெளிநாட்டுச் சதி என்பார். அதை விட்டுவிட்டு கேமராவோடு இங்கே வா. நான் பேசுகிறேன். ஊடகத்திடம் பேசக் கூடாது என்ற விதியை மீறி என் பெயர், என் ஊர், என் பதவி எல்லாம் சொல்லிப் பேசுகிறேன். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். மெமோ வந்தால் வரட்டும், பென்ஷன் இழுபட்டால் இழுபடட்டும். இது உண்ணிக் காய்ச்சல், இதற்கு மருந்து உண்டு, என் ஆஸ்பத்திரியிலேயே உண்டு, இது ஒட்டாது என்று நீ வாய்க்கால் தெருவில் நின்று, முகத்தை மூடாமல் சொல். ஸ்டெல்லாவைப் பேசவிடு. நாடாப் புண்ணைப் பற்றி அவள் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள், பிறகு போய்ப் பார்த்துக்கொள்வார்கள். உனக்குப் பார்வையாளர்கள் குறைவார்கள் என்று தெரியும். அப்பனாக உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கையேந்திக் கேட்கிறேன்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து உறையில் போட்டு வைத்திருந்தேன். இன்று மத்தியானம் மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

சற்று முன்னால் ஸ்டெல்லா வாய்க்கால் தெருவுக்குப் போய், இசக்கியின் காரியத்துக்கு ஊர் திரும்பியிருந்த சுடலையின் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டி, அவனைக் கையோடு இழுத்து வந்தாள். அவன் தோளில் மகள் பேச்சி. ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. தொட்டால் கை சுடுகிறது. அம்மாவோடு புல்லுக்குப் போன பிள்ளைதானே. ஸ்டெல்லா திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். பொருக்கு இருக்கிறது. நாள் அதிகமாகவில்லை, மூச்சு சீராக இருக்கிறது. இன்றைக்குத் தொடங்கினால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மாத்திரையை எடுத்துச் சுடலை கையில் வைத்தேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கும் இதத்தான குடுத்தீய, டாக்டரய்யா.”

இசக்கி அதை ஒரு நாள்தான் சாப்பிட்டாள், தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவளைக் கொன்றது நீதான் என்று அவனிடமே சொன்னதாகும். இருந்தும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன். பூச்சியைப் பற்றிச் சொன்னேன், பொருக்கைப் பற்றிச் சொன்னேன். உடுக்கடிக்காமல், சிவப்பு வட்டம் போடாமல், எனக்குத் தெரிந்த எளிய தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா தன் மாதாவின் மேல் சத்தியம் செய்தாள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். பிறகு,

“சரிங்க டாக்டரய்யா. தம்பி என்ன சொல்லுதாம்?” என்று கேட்டான்.

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உன்மேல் அவனுக்குக் கோபமும் இல்லை. நீ முதலிலேயே ஆபத்து என்று எச்சரித்தாய், நான்தான் சாதாரணம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தேன், அவள் செத்தாள். அவன் கண்ணால் பார்த்தது இதுதான். “தம்பி ஒரு வார்த்த சொல்லட்டும், குடுத்துருதேன்” என்கிறான். உனக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. உன் ஆபீசுக்கு அடித்தேன், ஒளிப்பதிவில் இருக்கிறாயாம். அவன் கையைத் திருகிப் பிள்ளை வாயில் மாத்திரையைப் போடவா? போட்டால் அடுத்த வேளைக்கு அவன் இந்த ஊரிலேயே இருக்க மாட்டான், மறுபடி எங்கேயாவது தூக்கிக்கொண்டு ஓடுவான்.

இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இப்போதே உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் பிறகு படி, படிக்காமலும் போ. கேமராவோடு வா என்று சொன்னேன் அல்லவா, அதையும் விட்டுவிடு. சுடலையின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. “அண்ணே, அப்பா குடுத்த மாத்திரையப் பிள்ளைக்குக் குடு” என்று சொல். அவ்வளவு போதும். அவன் வராண்டா பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை மடியில் கிடக்கிறது. மாத்திரையைக் கைக்குள் மூடி வைத்திருக்கிறான். மினிபஸ் வருகிற நேரம் ஆகிறது, எழுந்து போய்விடுவானோ என்று நான் வாசலை மறித்து நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். கூப்பிடு லே.